விண்ணப்பமா, சிபாரிசா?

நடுவர் அவர்களே! எதிரணித் தோழி இங்கே வந்து, "தனியார் கம்பெனிக்கு ஒரு தாள் பயோடேட்டா போதும், திங்கட்கிழமை இன்டர்வியூ, வெள்ளிக்கிழமை ஆர்டர். அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டால் ரிசல்ட் வருவதற்குள் தலை நரைத்துப் போகும்" என்றார். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தாமதம் உண்மைதானே! (சிரிப்பு)

ஆனால் அந்தப் பரீட்சை எப்படி வந்தது என்று அம்மா சொல்லவில்லையே!

நம்மை முதலில் வந்து ஆண்டது அரசாங்கம் இல்லை ஐயா, ஒரு கம்பெனி. பங்குதாரர்களும் டைரக்டர்களும் வைத்திருந்த அசல் தனியார் கம்பெனி. அதில் 'ரைட்டர்' என்று ஒரு வேலை. 1744இல் ராபர்ட் கிளைவ் நம்ம சென்னையில் வந்து இறங்கினாரே, அந்த வேலைக்குத்தான். விண்ணப்ப முறை என்ன தெரியுமா? லண்டனில் 24 டைரக்டர்கள். அவர்களில் ஒருத்தர் உங்கள் பெயரை எழுதித் தரவேண்டும். யார் பெயரை எழுதுவார்? மகன், மருமகன், சிநேகிதர் பிள்ளை! போகப் போக வேலையைக் காசுக்கு விற்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. 1809இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குழு போட்டு விசாரித்தது. விற்றது உண்மைதான் என்று தெரிந்தது.

1853 சட்டம் இந்த நியமன உரிமையைப் பறித்தது. 1855இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு. 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வி போய், 'எத்தனை மார்க்' என்ற கேள்வி வந்தது. ஆக, அரசுத் தேர்வு என்பதே ஒரு தனியார் கம்பெனியின் சிபாரிசை ஒழிக்கப் பிறந்தது! (கைத்தட்டல்)

உடனே வெள்ளைக்காரனுக்கு மாலை போட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்தான், வாசலைக் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்தான். கப்பலேறப் பணம் வேண்டும். 1863இல்தான் முதல் இந்தியர் தேறினார்: சத்யேந்திரநாத் தாகூர், மகாகவி தாகூரின் அண்ணன். அந்தத் தேர்வு நம் மண்ணிலும் நடக்க 1922 ஆயிற்று. மாகாணங்களிலேயே முதல் தேர்வாணையம் 1929இல் நம்ம சென்னையில்தான் வந்தது. அதற்கு நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

பிறகு அரசியல் சட்டம். 16ஆவது பிரிவு எல்லாருக்கும் சம வாய்ப்பு என்கிறது. அது அரசு வேலைக்குத்தான். தனியார் முதலாளி, "ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் வந்த சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும் என்றது. அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும் என்று சொல்லவில்லை. சொல்லிட்டு, தன் தம்பியைச் சேர்த்துக்கொள்ளலாம்! அரசாங்கத்துக்கோ 1996இல் உச்ச நீதிமன்றம், "அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்" என்று சொல்லிவிட்டது.

விண்ணப்பப் படிவம் நீளம் என்றார் தோழி. நீளம்தான். சான்றிதழ் நகலில் கெஸட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க, நோயே இல்லாமல் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தலைமுறை நாங்கள். (சிரிப்பு)

என்னிடம் படித்த ஒரு பெண். அப்பா செங்கல் சூளையில் கூலி. ஒரு தனியார் நிறுவனத்தில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்கே உனக்கு யாரைத் தெரியும்மா?" அவளுக்கு யாரைத் தெரியும்? தேர்வாணையத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே விடைத்தாளில் அவள் வெறும் நம்பர். மூன்று வருஷம் ஆச்சு, வேலை கிடைச்சது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூவையே எடுத்துவிட்டது ஏன்? சிபாரிசு நுழைகிற ஜன்னல் அதுதான் என்று தெரிந்ததால்.

அந்த மூன்று வருஷத்தை ஒரு வருஷமாக்கச் சொல்லுங்கள், நானும் எதிரணியோடு சேர்ந்து மனுப் போடுகிறேன். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.