தப்பாக ஓடினாலும் நல்ல கடிகாரம்தான்!

பி.காம். படிக்கிறவனுக்குக் கடிகாரத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பேங்க் ரீகன்சிலியேஷன் என்று நாங்கள் சொல்லும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலையும், நுங்கம்பாக்கத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த கடிகாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி. எது நல்ல கடிகாரம்? சரியான மணி காட்டுவது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். வானியல்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உதாரணத்துக்கு நானே சில எண்கள் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கடிகாரம் திங்கட்கிழமை 12.4 வினாடி முந்தி இருக்கிறது. செவ்வாய் 13.6. புதன் 14.8. இன்னொன்று திங்கட்கிழமை 0.3 வினாடி முந்தி, செவ்வாய் 0.9 வினாடி பிந்தி, புதன் 0.6 வினாடி முந்தி. எதை வாங்குவீர்கள்? இரண்டாவதுதான் சரியான நேரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது உதவாக்கரை. நாளைக்கு அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலாவது ஒரு நாளைக்கு ஒழுங்காக 1.2 வினாடி ஓடிவிடுகிறது. அதைக் கழித்துவிட்டால் போதும், அடுத்த மாதம் கூட நேரத்தைச் சரியாகச் சொல்லலாம். தப்பு எவ்வளவு என்பதை விட, அந்தத் தப்பு மாறாமல் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இன்றைக்கு அணுக் கடிகாரம் செய்பவர்கள் 'அதிர்வெண் நிலைத்தன்மை' என்று பெரிய வார்த்தையில் சொல்வதும் இதைத்தான்.

சரி, நுங்கம்பாக்கத்துக்கு வருவோம்.

1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சிறிய வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அதைப் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வரைந்த திட்டப்படி புதிய கட்டிடம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்க நட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். புயல் வந்தால் டிவியில் 'நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை அளவு' என்று சொல்கிறார்களே, அதே இடம்தான்.

கம்பெனி இதைக் கட்டியது நட்சத்திரங்கள் மேல் உள்ள ஆசையில் அல்ல. கப்பலுக்காகவும் நிலப்படத்துக்காகவும்தான்.

கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே என்பதற்குக் கடிகாரம் வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் 4 வினாடிக்கு ஒரு கலை. நம் பக்கத்துக் கடலில் அது ஏறக்குறைய ஒரு கடல் மைல். ஒரு கப்பலின் குரோனோமீட்டர் தன் வழக்கத்தை விட்டு நாளைக்கு ஒரே ஒரு வினாடி விலகினால், 60 நாள் பயணத்தில் ஒரு நிமிடம் ஆகிவிடும். அதாவது 27 கிலோமீட்டர். கணக்குப்படி சென்னைத் துறைமுகம் கிட்டத்தட்ட திருநின்றவூரில் இருக்கும்! பகலில் சிரிக்கலாம். இரவில் கரையைத் தேடி வரும் கப்பலில் இருப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகமே கிடையாது. கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலா படகில் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். அப்படி நிற்கும் சில நாட்களில் மாலுமி செய்துகொள்ள வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. தன் குரோனோமீட்டர் நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கரையில் உள்ள கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்வது. ஒரு தடவை ஒப்பிட்டால் தப்பு மட்டும் தெரியும். வேகம் தெரிய வேண்டுமானால் பல நாள் ஒப்பிட வேண்டும். ஒரு கடிகாரம் போதாது என்பதால் பல கடிகாரங்கள் கொண்டுபோவார்கள். இரண்டு இருந்து அவை வேறு வேறு மணி காட்டினால் எது பொய் சொல்கிறது என்று தெரியாது, மூன்று இருந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். டார்வின் போன பீகிள் கப்பலில் 22 இருந்தன!

கரையில் இருக்கும் கடிகாரம் ஒழுங்கானதா என்று யார் சொல்வது? இங்கேதான் சுவாரஸ்யம்.

நுங்கம்பாக்கத்தின் முக்கியக் கடிகாரம் லண்டன் ஜான் ஷெல்டன் செய்தது. கேப்டன் குக் தன் பயணத்தில் கொண்டுபோனதும் ஷெல்டன் கடிகாரம்தான். இந்த வகையில் ஊசல்தான் உயிர். ஊசலின் கம்பி வெயிலில் நீளும், நீண்டால் மெதுவாக ஆடும். வெறும் எஃகுக் கம்பியாக இருந்தால் ஒரு டிகிரி செல்சியஸுக்கு நாளைக்கு அரை வினாடி பின்தங்கும். நம் ஊர் மார்கழிக்கும் அக்னி நட்சத்திரத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலே நாளைக்கு 5 வினாடி போய்விடும். இதைச் சமாளிக்க ஹாரிசன் என்பவர் பித்தளைக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றி வைத்து, ஒன்று கீழே நீண்டால் இன்னொன்று மேலே தூக்கும்படி ஒரு ஊசலைக் கண்டுபிடித்தார். ஷெல்டனும் அந்த வழியைத்தான் பின்பற்றினார்.

இன்னொன்று. லண்டனில் மிகச் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தை அப்படியே கப்பலில் ஏற்றிச் சென்னையில் இறக்கினால் நாளைக்கு 2 நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். கடிகாரம் கெட்டுப்போகவில்லை. பூமத்தியரேகைப் பக்கம் ஈர்ப்பு விசை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆகவே தயாரித்தவர் கொடுத்த சான்றிதழை நம்பிப் பயனில்லை. இங்கே வந்து, இங்கேதான் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி? வடக்கு தெற்காக மட்டும் அசையும் தொலைநோக்கி ஒன்று. அதன் கண்ணாடிக்குள் மெல்லிய இழைகள். தெரிந்த ஒரு நட்சத்திரம் அந்த இழையைத் தாண்டும் நொடியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் காதால் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ண வேண்டும். இரண்டு டிக்குக்கு நடுவில் எத்தனை பங்கில் தாண்டியது என்று மனதால் பிரித்து எழுத வேண்டும். நட்சத்திரம் வரவேண்டிய நேரம் பட்டியலில் இருக்கிறது, கடிகாரம் காட்டிய நேரம் கையில் இருக்கிறது. கழித்தால் இன்றைய தப்பு. நேற்றைய தப்பைக் கழித்தால் இன்றைய வேகம். மேகம் இல்லாத இரவுகளில் எல்லாம் இதே வேலை. வருடக்கணக்கில்.

எங்கள் பாஷையில் சொன்னால், கடிகாரம் நம் ரொக்க ஏடு, வானம் வங்கியின் செல்லேடு. வித்தியாசம் இருப்பது குற்றம் இல்லை. காரணம் சொல்ல முடியாத வித்தியாசம்தான் குற்றம்.

இந்தக் கணக்கின் மேல் எவ்வளவு நின்றது என்று பாருங்கள். ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் சென்னை கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று நிர்ணயித்தார், 'மதராஸ் நேரம்' பிறந்தது. (இப்போதைய ராஜாஜி ஹாலைக் கட்டியவரும் இவரே. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவருக்கும் மக்கள் கடைசி வணக்கம் செலுத்திய இடம். ஒரு வானியல்காரர் கட்டியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?) தாமஸ் டெய்லர் 1844-இல் வெளியிட்ட அட்டவணையில் 11,015 நட்சத்திரங்கள். ஒவ்வொன்றின் இடத்திலும் பாதி, கடிகாரம் சொன்ன எண்தான். கடிகாரம் தடுமாறியிருந்தால் வானமே இடம் மாறியிருக்கும். போக்சன் காலத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றித் தமிழில் சிறுநூலும் எழுதினார். இரவெல்லாம் டிக் டிக் எண்ணிய மற்ற உதவியாளர்களைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. அந்த எண்கள் அவர்களுடையதும்தான்.

மதராஸ் நேரத்தை ஊருக்குச் சொல்ல, ஆய்வுக்கூடக் கடிகாரத்தோடு இணைத்து இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோட்டையிலிருந்து எங்கள் கொடுங்கையூர் நேர்க்கோட்டில் 7 கிலோமீட்டர் இருக்கும். சத்தம் வந்து சேர 20 வினாடி ஆகும். கடிகாரத்தைச் சத்தத்துக்கு வைத்தால் போச்சு! வெளிச்சத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கோல்டிங்ஹாமே பரங்கிமலையிலும் கோட்டையிலும் சுட்ட பீரங்கிகளின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணி, ஒலியின் வேகத்தை அளந்து வெளியிட்டிருக்கிறார்.

1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய் நேரம் நம்மை விட அரை மணி பின்னால், கல்கத்தா நேரம் அரை மணி முன்னால். நடுவில் இருந்த மதராஸ் நேரத்தையே பின்னர் இந்திய ரயில்கள் எடுத்துக்கொண்டன. 1906-இல் இப்போதைய இந்திய நேரம் வரும் வரைக்கும் இதுதான். இத்தனைக்கும் தந்தி வழியாகத் துல்லியமாக அளந்தபோது நம் 5 மணி 21 நிமிடம் 14 வினாடியே கொஞ்சம் அதிகம், உண்மையில் 21 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. மாறாத தப்பு என்பதால் ஒரு எண்ணைக் கழித்துச் சரி செய்துகொள்ள முடிந்தது.

1899-இல் நட்சத்திர வேலை கொடைக்கானலுக்குப் போனது. ஷெல்டன் கடிகாரமும் மலை ஏறியது. அங்கே இன்றும் ஓடுகிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான அதிர்ச்சி. 1930களில் ஐரோப்பாவில் குவார்ட்ஸ் கடிகாரங்களை வானத்தோடு ஒப்பிட்டபோது, ஒரே மாதிரி வித்தியாசம் பல கடிகாரங்களில் வந்தது. தனித்தனியாகச் செய்த கடிகாரங்கள் எல்லாம் கூடிப் பேசி ஒரே தப்பைச் செய்யுமா? செய்யாது. அப்படியென்றால் தடுமாறுவது பூமி! வருடத்தில் சில மாதம் வேகமாகவும் சில மாதம் மெதுவாகவும் சுற்றுகிறது. ரொக்க ஏட்டை வருடக்கணக்கில் செல்லேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தி வந்தவனிடம், வங்கியின் செல்லேட்டிலேயே தப்பு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அதனால் 1955-இல் இங்கிலாந்தில் சீசியம் அணுக் கடிகாரம் ஓடத் தொடங்கி, 1967-இல் வினாடிக்குப் புது இலக்கணமே வந்தது. சீசியம் அணுவின் குறிப்பிட்ட அலை 9,192,631,770 தடவை ஆடினால் ஒரு வினாடி.

ஆனால் சோதிக்கும் பிரச்சினை தீரவில்லை. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டுப் பார்க்கலாமே என்று நம் புள்ளியியல் வாத்தியார் சொல்வார். போட்டால் வராது. கடிகாரத்தின் சராசரியே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். நாள் ஆக ஆக விடை பெரிதாகிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நிற்காது. 1966-இல் டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். மொத்தச் சராசரியோடு ஒப்பிடாதே, ஒவ்வொரு இடைவெளியின் சராசரியையும் அதற்கு அடுத்த இடைவெளியோடு மட்டும் ஒப்பிடு. போன மாத விற்பனையை இந்த மாத விற்பனையோடு பார்க்கிற மாதிரி. இடைவெளியை ஒரு வினாடி, ஒரு நாள், ஒரு மாதம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கடிகாரத்தின் குணம் முழுக்க வெளியே வந்துவிடும். குவார்ட்ஸ் வினாடிக் கணக்கில் பிரமாதம், மாதக் கணக்கில் கிழடு தட்டும். ஹைட்ரஜன் மேசர் ஒரு நாள் அளவில் கெட்டிக்காரன். சீசியம் சின்ன இடைவெளியில் சுமார்தான், மாதக் கணக்கில் அதை நம்பலாம். டெல்லியில் இந்திய நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம், மேசர் இரண்டையும் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஆலன் கணக்கிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு மாத நிலைத்தன்மை தெரிய வேண்டுமானால் பல மாதம் ஓட விட வேண்டும். பத்து வருடத்துக்குத் தாங்குமா என்று பார்க்கக் குறுக்கு வழி கிடையாது.

இதை நாம் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறோம். 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ போனது, இன்று நாவிக் என்று அழைக்கும் நம் வழிகாட்டி அமைப்பின் முதல் செயற்கைக்கோள். (அங்கிருந்து ராக்கெட் போனால் வடசென்னை மொட்டை மாடிகளில் நின்றே பார்க்கலாம்.) உள்ளே வெளிநாட்டில் வாங்கிய மூன்று ருபீடியம் கடிகாரங்கள். ஒன்று போனால் இன்னொன்று என்ற ஏற்பாடு. 2017 தொடக்கத்துக்குள் மூன்றும் போய்விட்டன. செயற்கைக்கோள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிகாரம் இல்லாமல் இடம் சொல்ல முடியாது. அங்கே ஒரு மைக்ரோ வினாடித் தப்பு என்றால் தரையில் 300 மீட்டர். மாற்றாக 2017 ஆகஸ்ட் 31-இல் அனுப்பியதும் வெப்பக் கவசம் பிரியாமல் வீணாயிற்று.

2023 மே 29 அன்று போன என்.வி.எஸ்.-01-இல் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் செய்த ருபீடியம் கடிகாரம் இருக்கிறது. நாவிக்கில் பறக்கும் முதல் உள்நாட்டுக் கடிகாரம். அந்த செயற்கைக்கோளுக்கு 12 வருட ஆயுள் என்று திட்டம். தரையில் இருக்கும் கடிகாரங்களோடு அதை ஒப்பிட்டுத் தப்பையும் வேகத்தையும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். முழுக் கணக்கு 2035-இல்தான் தெரியும்.