றலி சைக்கிளும் மருதமுனைச் சாறனும்

அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் செல்லும் வழியில், வயல் வரம்போரம் சாத்தியிருந்த ஒரு பழைய றலி சைக்கிளை அண்மையில் கண்டேன். கறுப்பு வர்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. கம்பி பிறேக்கும் சங்கிலி உறையும் அப்படியே இருந்தன. கரியரில் ஓர் உரப்பை. உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். விலை பேச வந்தவன் என எண்ணினாரோ என்னவோ, வயலில் நின்ற பெரியவர் உரத்துச் சொன்னார்: "வாப்பாட சைக்கிள் தம்பி. விக்கிறதுக்கில்ல."

அந்தச் சைக்கிளின் பூர்வீகம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரம். அங்கே றலி வீதியில் இயங்கிய சிறு பட்டறையொன்றைப் பிராங்க் பௌடன் பொறுப்பேற்று, 1888இல் கம்பனியாக்கினார். வீதியின் பெயரே வண்டிக்கும் வாய்த்தது. முகப்பிலுள்ள நாரைத் தலை பௌடன் குடும்பத்தின் இலச்சினை. 28 அங்குலச் சில்லும் கனத்த உருக்குச் சட்டமும் கரடுமுரடான பாதைக்கும் பாரத்துக்கும் ஏற்றவை. குடியேற்ற நாடுகளெங்கும் அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். எமது பகுதியில் போடியார் வீட்டுத் திண்ணையில் கௌரவச் சின்னமாக நின்ற வண்டி, காலப்போக்கில் உழைப்பாளியின் உடைமையாயிற்று. நொட்டிங்ஹாமில் சைக்கிள் உற்பத்தி 2002இல் நின்றுபோனது.

தொழிற்சாலைகள் ஓய்ந்த மேற்கில், பழைய சைக்கிளின் அழகு நவநாகரிகப் பொருளாயிற்று. நொட்டிங்ஹாமை அடுத்த பீஸ்ரனில் பிறந்த போல் ஸ்மித், சைக்கிள் ஓட்டப் பந்தய வீரராகும் கனவை 17 வயதில் நேர்ந்த விபத்தினால் கைவிட்டு, உடை வடிவமைப்பாளரானவர். பின்னாளில் மேர்சியன் சைக்கிள் நிறுவனத்துடனும் ரஃபா உடை நிறுவனத்துடனும் கைகோத்தார். 2013இல் இத்தாலியச் சுற்றுப் போட்டியின் இளஞ்சிவப்பு மேலாடையை வடிவமைத்தவரும் அவரே. 2004இல் இலண்டனில் தொடங்கிய ரஃபா, தன் பெயரையே பழைய பிரெஞ்சுப் பந்தய அணியொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. 1885இல் மிலானில் தோன்றிய பியாஞ்சியுடன் குச்சி நிறுவனம் 2012இல் கூட்டுச் சேர்ந்தது. இவர்கள் விற்பது துணியையும் உருக்கையும் மட்டுமல்ல. ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றோடு பதிவான வரலாற்றையும் சேர்த்தே விற்கிறார்கள்.

எங்கள் கரையிலும் சைக்கிளும் ஆடையும் கைகோத்ததுண்டு. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கு நெய்த சாறன்களையும் சேலைகளையும் கரியரில் அடுக்கிக் கட்டி ஊர் ஊராக விற்றவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மணியோசை கேட்டதும் பெண்கள் வேலியோரம் வருவார்கள். அந்த வியாபாரத்துக்கு எவரும் ஒப்பந்தம் எழுதவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. 2004 ஆழிப்பேரலை மருதமுனையையும் தாக்கியது. உயிர்களோடு தறிகளும் போயின.

இன்று அந்தத் துணி நகரத்துக் கடைகளில் பல வேளைகளில் வெறும் 'கைத்தறி' என்றே விற்கப்படுகிறது. நெய்தவர் பெயரில்லை, ஊர்ப் பெயரும் இல்லை. நொட்டிங்ஹாமுக்கு இருப்பதைவிட மருதமுனைக்கு வரலாறு குறைவு என்று நான் நம்பவில்லை. எழுதிவைத்தது குறைவு, அவ்வளவுதான். கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் என்ன பெயர், எந்தத் தறியில் எவர் நெய்தார், எந்த ஊர்வரை சைக்கிளில் கொண்டுபோனார் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் மனம் வைத்தால் அவர்கள் நினைவுகளை இப்போதே பதிவுசெய்யலாம்.

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, நாடே பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்தது. சாகாமத்துப் பெரியவருக்குத் தேட வேண்டிய தேவை இருந்திராது.