கித்தான்

படம் திருத்தும் மென்பொருளில் படத்தைத் தாங்கும் பரப்பைக் ‘கேன்வாஸ்’ என்கிறோம். 1800 புள்ளி அகலக் கேன்வாஸின் நடுவில் 1200 புள்ளி அகலப் படத்தை வைத்தால் இருபுறமும் 300 புள்ளி மிஞ்சும். இந்தப் பரப்புக்குக் ‘கித்தான்’ என்பதே சரியான பெயர். கேன்வாஸின் வேர், கஞ்சாச் செடியைக் குறிக்கும் லத்தீன் ‘கன்னாபிஸ்’. கித்தானின் வேர், ஆளிச்செடியைக் குறிக்கும் அரபு ‘கத்தான்’. இரண்டும் நாரிலிருந்து துணிக்கு வந்தவை. முன்னது ஓவியத்துக்கும் கணினித் திரைக்கும் நகர்ந்தது. பின்னது ஏன் நகரக் கூடாது?

திரையில் நாரே இல்லையே என்பார்கள். பெயர் அப்படியே பொருந்த வேண்டியதில்லை: நெய்வேலி நகரியத்தில் நேர்த்தெருக்கள் கொண்ட குடியிருப்புகளையும் முகவரியில் ‘வட்டம்’ என்றே எழுதுகிறோம், யாருக்கும் குழப்பமில்லை. ‘பரப்பு’ போதாதா என்றால், படத்துக்கும் பரப்பு உண்டே. மென்பொருளைத் தமிழாக்குவோர் ‘கித்தான் அளவு’ என்றே எழுத வேண்டும்.