சாராயத்துக்கு முன்னால் ஒரு 'கள்ள'

கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி மண். அங்கே சாராயம் என்பது அரசு ஏலம் விட்ட கடையில் எவரும் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற சரக்கு. அதையே நாலு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தெற்கே வந்தால் மதுவிலக்கு போலீஸ் பிடிக்கும். மறுநாள் 'சாராயம் கடத்தியவர் கைது' என்று செய்தி வரும். எதைக் குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று உலகமெல்லாம் வாதம் நடக்கிறது. அந்த வாதத்துக்குள் நுழைய, சாராயம் என்ற பெயரைவிட நல்ல வாசல் புதுச்சேரிக்காரருக்குக் கிடைக்காது.

சங்கப் பாட்டில் சாராயம் கிடையாது. கள் உண்டு, நறவு உண்டு, தேறல், மட்டு, தோப்பி எல்லாம் உண்டு. இவை ஊறிப் புளித்தவை. வாலையில் ஏற்றி வடித்தவை அல்ல. வள்ளுவர் கண்டித்து ஓர் அதிகாரமே எழுதியதும் கள்ளைத்தான். வடித்த மது பிற்காலத்து வரவு. அரபியர் அதற்கு 'அரக்' என்று பேர் வைத்தார்கள். அந்த மொழியில் அது வியர்வை. ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். ஆங்கிலம் அதை 'அராக்' ஆக்கியது. சிங்களம் 'அரக்கு' என்கிறது. தமிழர் வாயில் நின்றது சாராயம். தெலுங்கில் சாரா, கன்னடத்தில் சாராயி, மலையாளத்தில் நம்மைப் போலவே சாராயம். 'சாரம்' என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வடித்து எடுத்த சாரம் என்பது பொருளுக்குப் பொருந்தித்தான் வருகிறது.

சொல்லில் அப்போது குற்றம் எதுவும் இல்லை. இலங்கையில் இன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சாராயம் என்றால் அரசு முத்திரையோடு விற்கும் தென்னஞ்சாராயப் போத்தல். திருட்டுத்தனமாக வடிப்பதற்கு அங்கே வேறு பெயர்: கசிப்பு. நம் பக்கம் தனிப்பெயர் பிறக்கவில்லை. இருக்கிற பெயருக்கு முன்னால் 'கள்ள' என்று ஒட்டிவிட்டோம்.

இந்தக் 'கள்ள', பனையிலிருந்து இறக்கும் கள் அல்ல. குடிக்கிற கள் ஒரு வேர். களவு, கள்வன், கள்ளம் இன்னொரு வேர். ஓசை ஒன்றாகிவிட்டதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பம் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது, ஏனென்றால் தமிழ்நாட்டில் இப்போது கள்ளே கள்ளச் சரக்குத்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். சாலையோரம் குடம் வைத்து விற்கலாம். தடவாமல் விட்டால் அதே பாளைச் சாறு கள். மரம் ஏறியவர் மேல் வழக்கு. 'கள் இயக்கம்' நடத்துகிறவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கும் கேள்வி இந்தச் சுண்ணாம்பைப் பற்றியதுதான்.

கள்ள நோட்டு இருக்க வேண்டுமானால் அரசு நோட்டு இருந்தாக வேண்டும். கள்ளச்சாராயமும் அப்படித்தான், உரிமம் பிறந்த பிறகே பிறக்க முடியும். 1886இல் சென்னை மாகாணம் ஆப்காரிச் சட்டம், அதாவது மதுவரிச் சட்டம், கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் வடிப்பவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒழுக்கம் கெட்டவன் அல்ல, சர்க்காரின் வருமானத்தைத் திருடியவன். அந்தக் களவு பாவமாக மாறியது 1937 அக்டோபர் 1இல், ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது. அதற்குப் பிறகு 1971இல் கடை திறந்தார்கள், 1974க்குள் மூடினார்கள், 1981இல் திறந்தார்கள், 1987இல் மூடினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஊறல்பானை குற்றத்துக்குள் போய்ப் போய் வந்தது. 2003 முதல் சில்லறை மது வியாபாரம் முழுவதும் டாஸ்மாக் கையில். அந்த டாஸ்மாக்கின் தலைக்கு மேல் இருக்கும் துறையின் பெயர் 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை'. இதை எழுதிய பெயர்ப்பலகைக்காரருக்குச் சிரிப்பு வந்திருக்காதா என்று யோசிப்பதுண்டு.

புதுச்சேரி இந்த நாடகத்தில் சேரவில்லை. 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சுக்காரர் ஊர். சென்னைச் சட்டம் எல்லையோடு நின்றது. கடற்கரைச் சாலையிலேயே சாராய ஆலை இருந்தது. 'பழைய சாராய ஆலை' என்றால் இன்றும் அடையாளம் தெரியும். பிறகு வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்குச் சட்டம் அல்ல, கலால் சட்டம். கலால் என்ற பெயரையும் கொஞ்சம் தோண்ட வேண்டும். வடக்கே 'கலால்' என்பது மது வடித்து விற்ற சாதியின் பெயர். அது வரியின் பெயராகித் தெற்கே வந்து, சர்க்கரைக்கும் சிமெண்டுக்கும்கூடக் கலால் வரி கட்ட வைத்தது. சாராயக்கடையை ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கட்டுவது கிஸ்தி. கட்டபொம்மன் படத்தால் நமக்கு மனப்பாடமான இந்தச் சொல், அரபியில் தவணை என்று பொருள்படும் 'கிஸ்த்'திலிருந்து வந்தது. புதுச்சேரியில் அது இன்னும் உயிரோடு இருப்பது சாராயத்தின் தயவில். சுற்றுலாப் பயணிக்கு மட்டும் வேறு சொல், 'ரெஸ்டோ பார்'. சித்தாள் குடித்தால் சாராயக்கடை.

பெயரை வைத்துக் குற்றம் பிறப்பது சாராயத்தோடு நிற்கவில்லை. கஞ்சாவுக்கும் அபினுக்கும் வருவோம். 1815 மார்ச் 7இல் லண்டனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிரெஞ்சு இந்தியாவின் உப்பை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கிக்கொள்ளும், அதற்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய். அதோடு கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் ஆண்டுக்கு 300 பெட்டி வரை அபின் பிரெஞ்சுக்காரருக்கு. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டால் அபின் சரக்கு, ஒரு பையன் பொட்டலம் கட்டினால் போதைப்பொருள். கஞ்சாவைச் சித்த மருத்துவ நூல்கள் கோரக்கர் மூலி, சிவமூலி என்று மரியாதையாகவே அழைத்தன. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமோ அந்தச் செடியைப் பெயர் பெயராகக் கூறு போட்டது. பூவும் காயும் உள்ள நுனி கஞ்சா, குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்தப் பெயருக்குள் வரவில்லை. வடக்கே ஹோலிக்கு பாங் குடிக்க முடிவது இந்த ஓட்டையால்தான்.

'குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு' என்று பேசுகிறவர்கள் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகப் பேசுகிறார்கள். புதுச்சேரி சாராயத்துக்குச் செய்தது உரிமம் கொடுத்து விற்பது. 2001இல் போர்ச்சுகல் செய்தது வேறு. விற்பவனைக் குற்றவாளியாகவே வைத்துக்கொண்டு, சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. நம் 1985 சட்டத்திலேயே 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் போதையாளரை வழக்கிலிருந்து விடுவிக்க வழி சொல்கிறது. என்னைக் கேட்டால், முதலாவது இல்லாமலே இரண்டாவதைச் செய்யலாம், செய்ய வேண்டும். கஞ்சாவுக்குக் கிஸ்தி வசூலிக்கும் அரசு எனக்கு வேண்டாம். கிஸ்தி ருசி கண்ட அரசு குடியைக் குறைக்கப் பாடுபட்டதை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

மறுபடியும் அந்தக் 'கள்ள'. 2023 மே மாதம் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் குடித்துச் செத்தார்கள். அது கள்ளச்சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தமிழகக் காவல்துறைத் தலைவரே அறிவித்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால். இரண்டு முறையும் 'கள்ளச்சாராயச் சாவு' என்றே பல தலைப்புகள் வந்தன. கள்ளம் என்ற சொல் குடித்தவன் மேலும் பாதிப் பழியைப் போட்டுவிடுகிறது. அவன் வாங்கியது சாராயம் என்று நம்பி. விற்றவன் கொடுத்தது விஷம். பத்திரிகை நண்பர்களே, அடுத்த முறை விஷம் என்றே எழுதுங்கள்.