தெரிந்து விற்றவர்

கப்ரியேல் ழுவோ-துப்ரேய் (1885-1945) பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் இரண்டே பதில்தான். சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கியிருக்கிற கருவடிக்குப்பத்தில் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் இரண்டும் வந்தன. "அந்த மனுஷன் இல்லேன்னா பல்லவன் கட்டினது எது, சோழன் கட்டினது எதுன்னு யாருக்குய்யா தெரியும்?" என்றார் ஒருவர். "தெரிஞ்சுதானே வித்தான்" என்றார் இன்னொருவர். அந்தத் 'தெரிஞ்சு'வில்தான் விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

புதுச்சேரி கொலோனியல் கல்லூரி ஆசிரியர் துப்ரேய். தென்னிந்தியத் தொல்லியல் குறித்து 1914இல் பாரீஸில் வெளியான அவரது இரு தொகுதிகள் கோயிலைப் பார்க்கிற விதத்தையே மாற்றின. கல்வெட்டில்லாத கோயிலுக்கு வயது சொல்வது எப்படி? கூட்டைப் பார், போதிகையைப் பார் என்றார். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டி மாதிரித் தட்டையாயிருக்கும்; சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் வந்துவிடும். விஜயநகரக் காலத்துக்கு வந்தால் போதிகையில் பூமுனை தொங்கும். இந்தச் சொற்களெல்லாம் அன்றும் கோயில் கட்டிக்கொண்டிருந்த ஸ்தபதிகளின் வாயிலிருந்து அவர் வாங்கியவை. புத்தக முதுகில் ஒரு பெயருக்குத்தான் இடம்!

கோயிலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வாசிக்கும் இந்த முறைக்குப் பக்கத்திலேயே, உறுப்பைத் தனியே பெயர்த்தெடுக்கலாம் என்ற நினைப்பும் குடியிருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிலைகளைக் கண்டறிந்தவர் அவர். 1926இல் அவற்றைப் பாரீஸ் கலைப்பொருள் வியாபாரி சி.டி. லூவுக்குக் கிடைக்கச் செய்தவரும் அவரே. கூட்டமாக உட்கார்ந்திருந்த தேவிகள் இன்று வாஷிங்டனில் ஒன்று, லண்டனில் ஒன்று, டொராண்டோவில் ஒன்று என்று தனித்தனியே இருக்கிறார்கள். கான்ஸ்டாண்டினோப்பிளின் வெண்கலக் குதிரைகள் வெனிஸுக்குப் போக 1204இல் ஒரு சிலுவைப்போர்ப் படை வேண்டியிருந்தது. இங்கே ஒரு வாத்தியாரின் கண் போதும்.

அதே காஞ்சியில், 1931இல், கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்களை வெளிக்கொணர்ந்தவரும் இவர்தான். சுவரைக் கப்பலேத்த முடியாதுங்கறதால அது தப்பிச்சுது என்று நண்பர் சொன்னது கொஞ்சம் அதிகம்.

சிலை மீட்பு பற்றிப் பேசும் தோழர்கள், கோயில் பூட்டை உடைத்தவனோடு இந்தப் பேராசிரியரையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது காஞ்சி யோகினிதான் என்று வழக்காடுவதற்கும் நமக்கு அவர் பழக்கிய கண்தான் வேண்டியிருக்கிறது.