சந்தேகப்பட்டவர்களின் வரலாறு

கையிலிருக்கும் ஒத்தைச் செருப்பு வலதுன்னா வீட்டில் கிடப்பது இடதுதானே, இதிலென்ன மாயம்? குவாண்டம் பிணைப்பு பற்றி நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1935இல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் எழுப்பிய சந்தேகமும் ஏறக்குறைய இதுவே: துகள்களின் குணம் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். நீல்ஸ் போர் பதில் சொல்லியாயிற்று என்று பெரும்பாலோர் கேள்வியை மூடிவிட்டார்கள்.

1952இல் அதைத் திறந்த டேவிட் போம், கம்யூனிஸ்ட் வேட்டையில் பிரின்ஸ்டன் வேலையை இழந்து பிரேசிலில் இருந்தார். அவரைப் படித்த ஜான் பெல் 1964இல் சந்தேகத்தை அளக்கக்கூடியதாக்கினார்: செருப்புக் கதை உண்மையென்றால் ஒத்திசைவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஐன்ஸ்டீன் ஜெயிப்பார்னு நம்பி ஃப்ரீட்மனோடு சோதித்தவர் கிளாசர். 1972இல் வரம்பு மீறப்பட்டது. 2022 நோபலில் அவருக்கும் பங்கு.

செருப்புக் கதை செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனா சந்தேகப்பட்டவங்க இல்லேன்னா அந்தச் சோதனையே நடந்திருக்காது.