கலப்பை செலவழித்த சேமிப்பு

‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். பயிர்த்தொழிலுக்கே நம் மொழியில் உழவு என்றுதான் பெயர்; அதைச் செய்பவர் உழவர். அப்படியிருக்க, நிலத்தை உழாமலே விதைத்து நல்ல விளைச்சல் எடுக்கலாம் என்று ஒருவர் கூறினால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் பிரேசில் நாட்டில் மட்டும் 3 கோடி ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் இன்று இவ்வாறுதான் பயிரிடப்படுகிறது. சென்ற பயிரின் தாள் நிலத்தின்மேல் அப்படியே கிடக்கும். அதனூடே ஒரு சிறு கீறல் போட்டு விதையை இடுவார்கள். அவ்வளவுதான்.

பல ஆயிரம் ஆண்டுகளாகக் கைவிடாத கலப்பையை இவர்கள் ஏன் கீழே வைத்தார்கள்? அதை அறிய, ‘நாம் ஏன் உழுகிறோம்?’ என்ற கேள்விக்கு முன்பு கூறப்பட்ட விடையை முதலில் பார்ப்போம்.

செடி மண்ணைத் தின்னுமா?

இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் (1674-1741) என்ற பண்ணையாளர் இருந்தார். விதைப்புக் கருவியை அமைத்துப் புகழ்பெற்றவர் இவர். செடியின் வேர்களில் நுண்ணிய வாய்கள் உண்டு, அவை மண் துகள்களையே உண்கின்றன என்று இவர் நம்பினார். அப்படியானால் மண்ணை எவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவு உணவு செடிக்குக் கிடைக்கும், எருகூடத் தேவையில்லை. 1731இல் வெளிவந்த தம் நூலில் இக்கருத்தை அவர் வலியுறுத்தினார்.

இது தவறு என்பது இன்று பள்ளி மாணவருக்கும் தெரியும். வேர் உறிஞ்சுவது நீரையும், அதில் கரைந்த உப்புகளையுமே. செடியின் உடலில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் உருவாவது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், கொள்கை தவறாக இருந்தும் டல்லின் வயல் நன்றாகவே விளைந்தது!

நம் திருக்குறளும் உழவு அதிகாரத்தில் இதைப் போன்றதொரு செய்தியைச் சொல்கிறது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமாம். அடுத்த குறளிலேயே, உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்று சேர்த்தும் சொல்கிறது. எங்கோ தொலைவிலிருந்த இரு நாட்டாரும் கண்ட உண்மை ஒன்றுதான்: மண்ணைக் கிளறிக் காயவிட்டால் பயிர் செழிக்கிறது. அவர்கள் கண்டது சரியே. காரணம் என்ன? இந்தக் கேள்வியைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் ஓர் உழவன்

1881இல் சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை வெளியிட்டார். அது குரங்கைப் பற்றியதன்று, மண்புழுவைப் பற்றியது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் வாழும் மண்புழுக்கள் ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணைத் தம் உடல்வழிச் செலுத்தி மேலே கொண்டுவந்து போடுகின்றன என்று அவர் கணக்கிட்டார். மனிதன் கலப்பை செய்வதற்கு நெடுங்காலம் முன்பே நிலம் உழப்பட்டுத்தான் வந்தது என்பதை அந்நூல் காட்டியது.

மண்புழு மட்டுமன்று. பூஞ்சைகளின் மெல்லிழைகளும், வேர்களும், பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையும் மண் துகள்களைப் பிணைத்துக் குருணை போன்ற சிறு கட்டிகளாக்குகின்றன. கட்டிகளுக்கு இடையே உள்ள துளைகளில் காற்றும் நீரும் தங்குகின்றன. கட்டிகளுக்குள்ளே, நுண்ணுயிர்கள் எளிதில் எட்ட முடியாதபடி மக்குப் பொருள் பத்திரமாக இருக்கிறது. மண்ணின் சேமிப்புப் பெட்டி இதுவே.

பெட்டி உடைந்தால்

கலப்பை இந்தப் பெட்டியை உடைக்கிறது. பூஞ்சை இழைகள் அறுகின்றன. காற்று உள்ளே பாய்கிறது. அதுவரை எட்டாதிருந்த மக்கை நுண்ணுயிர்கள் ஆவலுடன் தின்கின்றன. மக்கிலிருந்த கரி, கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. கூடவே தழைச்சத்து விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. காய்ந்த மண் மீண்டும் நனையும்போதும் இவ்வாறே நுண்ணுயிர்களின் வேலை திடீரென்று பெருகுகிறது என்பதைக் கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற ஆய்வாளர் 1958இல் விளக்கினார்.

மனத்தில் வைத்திருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா? புழுதியில் பயிர் செழித்தது, மண் செழித்ததால் அன்று. மண் தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்ததால்தான். சேமிப்பிலிருந்து செலவழிப்பவன் பணக்காரனாகத் தோன்றுவான். பெட்டி காலியாகும் வரை! எருவும் தழையும் இட்டு நிரப்பிக்கொண்டே வந்த இடங்களில் பெட்டி காலியாகவில்லை. அப்படிச் செய்யாத இடத்தில் என்ன நடந்தது?

கறுத்த ஞாயிறு

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள புல்வெளிகளின் கறுப்பு மண் இரும்புக் கலப்பையில் ஒட்டிக்கொண்டு உழவரைத் திணறடித்தது. 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர், மண் ஒட்டாத வழவழப்பான எஃகுக் கலப்பையைச் செய்தார். புல்வெளிகள் வயல்களாயின. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறவே, மழை குறைந்த மேற்குச் சமவெளியையும் டிராக்டர்கள் புரட்டிப் போட்டன. பல நூறாண்டுகள் புல்வேர்கள் சேர்த்துவைத்த மக்கு சில பத்தாண்டுகளில் வேகமாகக் கரைந்தது.

1930களில் மழை பொய்த்தது. பிணைப்பு இழந்த மண் பொடியாகிக் காற்றில் எழுந்தது. 1934 மே மாதம் எழுந்த புயல், புழுதியை நியூயார்க் நகருக்கும் அதற்கப்பால் அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களுக்கும் கொண்டுசென்றது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகல் இருளாயிற்று. அந்நாளைக் ‘கறுத்த ஞாயிறு’ என்றே குறிப்பிடுகின்றனர். அதே மாதம் 27ஆம் நாள் அமெரிக்க அரசு மண்வளப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனாலும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது.

கலப்பையை வைத்தவர்கள்

1943இல் எட்வர்ட் பாக்னர் என்ற அமெரிக்கர், மண்ணைப் புரட்டிப் போடுவதே அறியாமை என்று வாதிடும் நூலொன்றை எழுதினார். தழையை ஆழத்தில் புதைக்காமல் மேல்மண்ணிலேயே கலந்துவிடுவது அவர் முறை. வேளாண் அறிஞர்கள் பலர் அவரை மறுத்தனர். சாதாரண உழவருக்கு வேறொரு கவலை: உழாவிட்டால் களையை எப்படி ஒழிப்பது?

போருக்குப்பின் வந்த களைக்கொல்லிகள் இதற்கு வழிகாட்டின. 1962இல் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற உழவர், ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமல் மக்காச்சோளம் விதைத்தார். விளைந்தது. அக்கம்பக்கத்து உழவர்கள் பார்க்க வந்தனர். பிறகு வெளிநாட்டவரும் வந்தனர். அவர்களுள் ஒருவர் பிரேசிலின் ஹெர்பர்ட் பார்ட்ஸ். பெருமழை ஒன்று தம் வயலின் மேல்மண்ணை வாரிச் சென்றதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். 1972இல் கென்டக்கி சென்று யங்கின் வயலைப் பார்த்தார். விதைப்பு எந்திரம் ஒன்றை வாங்கி வந்து, அதே ஆண்டு உழாமல் சோயா விதைத்தார். அக்கம்பக்கத்தார் அவருக்குப் பைத்தியம் என்றனர். இன்றைய 3 கோடி ஹெக்டேரும் அந்த வயலிலிருந்து தொடங்கியவையே.

இதற்கும் ஒரு விலை உண்டு. கலப்பையின் வேலையை நஞ்சு செய்தது. உழாத வேளாண்மைக்குத் துணைநின்ற பாராகுவாட் என்ற களைக்கொல்லி, சிறிதளவு உட்கொண்டாலும் மனிதரைக் கொல்லக்கூடியது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குத் தடை.

நஞ்சும் இல்லாமல் முடியுமா? முடியும் என்று ஜப்பானில் மசனோபு புகோகா (1913-2008) காட்டினார். தாவர நோய் ஆய்வாளராக இருந்து ஊர் திரும்பி விவசாயியானவர் இவர். நெல்லும் பார்லியும் மாறிமாறிப் பயிரிட்டு, வைக்கோல் முழுவதையும் வயலிலேயே பரப்பினார். குளோவர் என்ற தழைச்செடியை இடையே வளரவிட்டுக் களையை அடக்கினார். 1975இல் வந்த அவரது நூல் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்று தமிழிலும் கிடைக்கிறது.

தொட்டிக்குள் ஒரு வயல்

இந்த எண்ணம் ஒரு தொட்டிக்குள்ளும் புகுந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1996 முதல் மருத்துவத்துக்கும், கனடாவில் 2018 முதல் பொதுவாகவும் கஞ்சா வளர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. (நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி வளர்ப்பது குற்றம்.) சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டியெடுத்த கரியை முதன்மையாகக் கொண்ட தொட்டி மண்ணை வாங்கி, ஓர் அறுவடை முடிந்ததும் கொட்டிவிடுவது அங்கே பலரின் வழக்கம். சிலர் இதை மாற்றினார்கள். செடியை அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே மக்கவிடுகிறார்கள். மேலே மட்கு உரமும் வைக்கோலும் பரப்பி, மண்புழுவை விட்டு, அதே மண்ணில் அடுத்த செடியை நடுகிறார்கள். அதை ‘உயிர்மண்’ என்று அழைக்கிறார்கள்.

ஆனால் தொட்டி ஒரு மூடிய பெட்டி. இடும் உரத்தில் காட்மியம் போன்ற உலோகம் இருந்தால் அது மண்ணிலேயே சேரும். கஞ்சாச் செடியோ அதை உறிஞ்சும் இயல்புடையது. வரவைப் போலவே செலவையும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கே உயிர்மண் உதவும்.

வயலுக்கும் இது பொருந்தும். 2015இல் 610 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உழாமல் விடுவது மட்டும் பல இடங்களில் விளைச்சலைக் குறைப்பது தெரிந்தது. தாளை நிலத்தில் விட்டு, பயிரையும் மாற்றிப் பயிரிட்டால் குறைவு பெரிதும் நீங்கியது. வறண்ட மானாவாரி நிலத்தில் விளைச்சல் கூடவும் வாய்ப்புண்டு. கலப்பையை வைத்தால் மட்டும் போதாது. பெட்டியை நிரப்பவும் வேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பல ஆண்டுகள் உழாத வேலியோரத்திலிருந்து ஒரு மண்கட்டியும், அடிக்கடி உழும் பக்கத்து வயலிலிருந்து ஒரு மண்கட்டியும் எடுங்கள். இரண்டையும் நிழலில் நன்றாக உலர்த்தி, இரு கண்ணாடித் தம்ளர் நீரில் மெதுவாக இடுங்கள். வயல் கட்டி சில நிமிடங்களில் சரிந்து நீரைக் கலக்கினால், வேலியோரக் கட்டி கலையாமல் நின்றால், உங்கள் ஊர் மண்ணின் சேமிப்புக் கணக்கை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று பொருள்.